நீலகிரியில் பெண்பிள்ளைகளுக்குப் பருவமாற்றமும் மாதவிடாயும் சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

மாதவிடாயைப் பற்றி ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய நேரம், அது வருவதற்கு முன்னால். நம் அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவம் எட்டாம் வகுப்பில்தான் வருகிறது. அந்த வயதில் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் வயசுக்கு வந்திருப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 10 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் முதல் உதிரப்போக்கு வருகிறது, சிலருக்கு ஒன்பதிலேயே வந்துவிடுகிறது. எதுவும் தெரியாத பிள்ளை உள்ளாடையில் ரத்தத்தைப் பார்த்தால் அடிபட்டுவிட்டது, பெரிய நோய் வந்துவிட்டது என்று நடுங்கிப் போவாள். அந்தப் பயத்தை அரை மணி நேரப் பேச்சால் தடுக்க முடியும். அதனால் ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்திலோ, ஆறாம் வகுப்பு தொடங்கியதுமோ ஆரம்பித்துவிடுங்கள்.

இது நீலகிரியில் வேலை செய்யும் ஆசிரியைகளுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும், அங்கன்வாடி அக்காமார்களுக்கும் எழுதியது. சமவெளிக்கு எழுதிய வழிகாட்டிகள் இங்கே பாதிதான் உதவும். துணியை வெயிலில் காயவையுங்கள் என்பார்கள். கூடலூரிலும் பந்தலூரிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயிலுக்கு எங்கே போவது?

பேசுவதற்கு முன்னால் கழிப்பறையைப் பாருங்கள்

முதல் வேலை இதுதான். எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குள் ஒரு பிள்ளை நாப்கின் மாற்ற மாட்டாள். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குள் நீங்களே போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா? மூடுபனி நாளில் உள்ளே வெளிச்சம் இருக்கிறதா? மழைக்காலத்தில் மதியம் 3 மணிக்கே இருட்டிக்கொண்டு வரும், விளக்கு இல்லாவிட்டால் தன் உடையில் கறை இருக்கிறதா என்றுகூட அவளால் பார்க்க முடியாது. தண்ணீர் வருகிறதா? ஊட்டி, குந்தா பக்கம் டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் காலைத் தண்ணீரைத் தொடவே முடியாது. சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு வாளி வெந்நீர் எடுத்து வைக்க ஏற்பாடு செய்தால் பிள்ளைகள் கைகழுவத் தயங்க மாட்டார்கள்.

கழிப்பறை மோசமாக இருந்தால் பிள்ளைகள் செய்கிற காரியம் ஒன்றுதான்: காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். குளிரில் தாகமும் தெரியாது. சிறுநீர்த் தொற்று இப்படித்தான் வருகிறது. அரிவாள் செல் ரத்தசோகை, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் உள்ள பிள்ளைக்கு இது இன்னும் ஆபத்து. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அடுத்தது அலமாரி. நாப்கின், இரண்டு மூன்று அளவில் புது உள்ளாடை, ஒரு பாவாடை அல்லது சுடிதார் கால்சட்டை, சோப்பு, பழைய செய்தித்தாள் ஆகியவற்றை அதில் வையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது முக்கியம். ஆண் ஆசிரியரிடம் போய்க் கேட்க வேண்டும் என்றால் பெரும்பாலான பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுவார்கள். பூட்டே இல்லாமல் கழிப்பறைக்குப் பக்கத்தில் வைப்பது இன்னும் நல்லது. "எடுத்துப் போய்விடுவார்கள்" என்று யாராவது சொன்னால், எடுத்துப் போகட்டும். வீட்டில் இல்லாததால்தானே எடுக்கிறாள்.

அம்மாக்களிடம் முதலில் பேசுங்கள்

தலைமை ஆசிரியருக்குச் சொல்லிவிட்டு, கிராம சுகாதார செவிலியரையும் கூட்டிக்கொண்டு அம்மாக்களைப் பாருங்கள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பகல் 11 மணிக் கூட்டத்துக்கு வருவது ஒரு நாள் சம்பளத்தை இழப்பது. மாலையில் லைன் வீட்டு (எஸ்டேட் தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலுக்கு நாமே போவதுதான் சரி, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை. என்ன சொல்லித்தரப் போகிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: உடம்பு எப்படி மாறும், சுத்தமாக இருப்பது எப்படி, என்ன சாப்பிட வேண்டும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும், யாராவது தப்பாகத் தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும். இதைக் கேட்டு வேண்டாம் என்று சொல்லும் தாய் மிகக் குறைவு. தங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்று வருத்தப்படுபவர்களே அதிகம்.

அவர்கள் வீட்டு வழக்கத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் மலையில் ஒரே வகுப்பில் படுகர் வீட்டுப் பிள்ளையும், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பேத்திகளும் உட்கார்ந்திருப்பார்கள். முதல் உதிரப்போக்கை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதமாக எதிர்கொள்கிறது. அது தெரியாமல் வகுப்பில் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டால் ஏதோ ஒரு பிள்ளை மனம் சுருங்கிப் போவாள். பாட்டிமார்களையும் விட்டுவிடாதீர்கள், பல வீடுகளில் கடைசிச் சொல் அவர்களுடையது.

முதல் வகுப்பு

இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாகவும், ஏழு முதல் ஒன்பது வரை தனியாகவும் உட்கார வையுங்கள். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயில் வட்டமாக உட்காருவது பேச்சுக்கு நல்லது. கதவு சாத்தியிருக்கட்டும், ஜன்னல் பக்கம் பையன்கள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டு மொழி அல்ல. அவர்கள் மொழி பேசும் பெரிய வகுப்பு அக்கா ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது.

உடம்பு வளரும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போங்கள். முதலில் மார்பு லேசாகப் புடைக்கும், தொட்டால் வலிக்கும். சில நேரம் ஒரு பக்கம் முன்னாடியும் மறுபக்கம் சில மாதம் கழித்தும் வளரும். இதைக் கட்டி என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்லுங்கள். அப்புறம் உயரம் சட்டென்று கூடும், அக்குளிலும் பிறப்புறுப்பிலும் முடி முளைக்கும், வியர்வை வாடை மாறும், முகத்தில் பரு வரும். மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு இரண்டரை வருடத்தில் முதல் உதிரப்போக்கு வரும். அதற்குச் சில மாதம் முன்பே உள்ளாடையில் வெள்ளையாக, வாடை இல்லாமல் படும். அது நோய் இல்லை. வெள்ளைப்பட்டால் எலும்பு உருகுகிறது என்று ஊரில் சொல்வதைப் பிள்ளைகள் நம்புகிறார்கள், அப்படி எதுவும் உருகுவதில்லை. அரிப்பு, கெட்ட வாடை, பச்சை அல்லது தயிர் போன்ற படிவு இருந்தால் மட்டும் நர்ஸிடம் காட்ட வேண்டும்.

கருப்பையை விளக்கக் குன்னூர்ப் பேரிக்காய் ஒன்றைக் கொண்டுபோங்கள். காம்பு கீழே வரும்படி தலைகீழாகப் பிடித்தால் கருப்பையின் வடிவம் அதுதான். இரண்டு பக்கமும் சினைப்பைகள். மாதம் ஒரு முறை ஒரு சினைப்பையிலிருந்து ஒரு முட்டை வெளியே வருகிறது. குழந்தை உண்டானால் தாங்குவதற்காகக் கருப்பையின் உள்சுவர் ரத்தம் ஊறித் தடிக்கிறது. குழந்தை உண்டாகாதபோது அந்தச் சுவரின் மேல்படலம் உதிர்ந்து வெளியே வருகிறது. கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. உடம்பில் ஓடுகிற அதே ரத்தம்தான், கூடவே அந்தப் படலமும் வருகிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, கேள்வி கேட்க விடுங்கள்.

எவ்வளவு ரத்தம் போகும் என்பது அடுத்த பயம். ஊட்டி பீட்ரூட்டைக் கொதிக்கவைத்த தண்ணீரையும் மேஜைக்கரண்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதவிடாயின் எல்லா நாட்களையும் சேர்த்தால் சாதாரணமாகப் போவது 30 முதல் 40 மில்லி, அதாவது இரண்டு மூன்று மேஜைக்கரண்டி. அதை அவர்கள் கண்முன்னே ஊற்றிக் காட்டுங்கள். "இவ்வளவுதானா டீச்சர்?" என்பார்கள். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். முதல் நாளும் கடைசி நாளும் பழுப்பாக இருக்கும், நடுவில் சிவப்பாக இருக்கும், சின்னக் கட்டிகளும் வரலாம். அதே பீட்ரூட் தண்ணீரைக் கொண்டு நாப்கின் எப்படி உறிஞ்சுகிறது, பசைப்பக்கத்தை உள்ளாடையில் எப்படி ஒட்டுவது, சிறகை எப்படி மடிப்பது என்று எல்லாரும் ஒரு முறை செய்து பார்க்கட்டும். பாக்கெட்டைக் கையில் தொட்டே பார்க்காத பிள்ளைகள் நிறையப் பேர்.

கேள்விப்பெட்டி வைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் துண்டுச்சீட்டு கொடுத்து, கேள்வி இல்லாதவர்கள் தங்களுக்குப் பிடித்த சாப்பாட்டின் பெயரையாவது எழுதிப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். அப்போதுதான் யார் எழுதினார்கள் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. "குழந்தை எப்படி உண்டாகும்?" என்று கட்டாயம் ஒரு சீட்டு வரும். சிரித்து மழுப்பாமல், வயதுக்குத் தக்கபடி உண்மையைச் சொல்லுங்கள். உதிரப்போக்கு வந்துவிட்டால் உடம்பு கருத்தரிக்கக்கூடும், ஆனால் பிள்ளை பெறும் அளவுக்கு இடுப்பெலும்பும் உடம்பும் மனதும் இன்னும் வளரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

துணியா, நாப்கினா

தமிழ்நாடு அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின். மொத்தம் 108. ஐந்து நாள் உதிரப்போக்கு, நாளைக்கு 4 என்று வைத்தால் ஆண்டுக்கு 240 வேண்டும். கையில் கிடைப்பது பாதிகூட இல்லை. ஆகவே துணியைக் குறைவாகப் பேசாதீர்கள். கடையில் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அதன்பிறகு வாயே திறக்க மாட்டாள். துணியைச் சரியாகப் பயன்படுத்தினால் அது பாதுகாப்பானதுதான்.

சிக்கல் முழுக்கக் காய்வதில் இருக்கிறது. மென்மையான பருத்தித் துணியைப் பச்சைத் தண்ணீரில் முதலில் அலசி, பிறகு சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். எடுத்ததுமே வெந்நீரில் போட்டால் கறை படிந்துவிடும். வெயில் அடித்தால் வெளியே கொடியில் போடட்டும், மேலே வேறு துணி போட்டு மறைக்காமல். மழைக்காலத்தில் வழி மூன்று. துணிகளின் எண்ணிக்கையைக் கூட்டி வைத்தால் ஒன்று காய இரண்டு நாள் ஆனாலும் அவசரம் இருக்காது. அடுப்பங்கரையில், நெருப்புக்குத் தள்ளி, புகை அடிக்காத பக்கமாகக் கொடி கட்டலாம். கடைசியாக இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்துத் தேய்த்தால் மிச்ச ஈரமும் போய்விடும். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, அதைக் கட்டக்கூடாது. ஈரத்துணியால்தான் தொடையிடுக்கில் பூஞ்சைப் புண்ணும் அரிப்பும் வருகின்றன. அரசு தரும் நாப்கினை வெயில் மாதங்களில் சேர்த்து வைத்து, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்கும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் மழைக்கும் எடுப்பது நல்ல கணக்கு.

எதுவாக இருந்தாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், நனையாவிட்டாலும். காலையில் இருட்டோடு கிளம்பி முதல் பஸ் பிடிக்கும் பிள்ளை கிளம்பும்போது ஒன்று, மதியம் சாப்பிடும் முன் ஒன்று, பள்ளி விட்டதும் ஒன்று என்று மாற்றட்டும். பஸ் வராமல் மண்சரிவில் சாலை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? பையில் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நாள் முழுக்க ஓட்டுவது வேண்டாம். சுத்தம் செய்யத் தண்ணீர் போதும், முன்னாலிருந்து பின்பக்கமாகக் கழுவ வேண்டும். உள்ளே சோப்புப் போடத் தேவையில்லை.

உள்ளே வைத்து உதிரத்தைப் பிடிக்கும் மாதவிடாய்க் கோப்பையைப் பற்றிப் பெரிய வகுப்பில் கேட்டால் சொல்லுங்கள். முதல் ஆண்டிலேயே அதை வலியுறுத்த வேண்டாம்.

எங்கே போடுவது

நாப்கினை காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள தொட்டியில் போடப் பழக்குங்கள். கழிப்பறைக் குழிக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும். தேயிலைப் புதரிலும் ஓடையிலும் எறிவதை நிறுத்தியாக வேண்டும். நம் ஓடைகள் கீழே இன்னொரு லைனின் குடிநீர். திறந்த குப்பையைக் கரடியும் காட்டுப்பன்றியும் குரங்கும் கிளறி வாசல்வரை இழுத்துப்போடும். இருட்டியபின் குப்பையை மறைத்து எறியப் போகும் பிள்ளைக்கு எதிரே காட்டுமாடு நிற்கலாம், இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை.

நகராட்சி, பேரூராட்சி வண்டி வரும் இடங்களில் தனியாகச் சுற்றி, பிற குப்பையோடு கலக்காமல் கொடுக்க வேண்டும். வண்டி வராத ஊரில் பழைய துணியை மட்டும் ஓடையிலிருந்து தள்ளி ஆழமாகப் புதைக்கலாம். பிளாஸ்டிக் உள்ள நாப்கினைத் திறந்தவெளியில் கொளுத்துவது நுரையீரலுக்குக் கெடுதல். அவற்றைப் பள்ளியில் சேர்த்து வாங்கி, ஊராட்சியிடம் பேசி ஒழுங்காக அனுப்புவதே நல்லது.

வலி, சாப்பாடு, ரத்தசோகை

முதல் இரண்டு நாள் அடிவயிறும் இடுப்பும் வலிப்பது சாதாரணம். வெந்நீர்ப் பை, இல்லாவிட்டால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், கொஞ்சம் நடை, தூக்கம் போதும். பொறுக்க முடியாவிட்டால் நர்ஸ் சொல்லும் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். விளையாடக்கூடாது, குளிக்கக்கூடாது என்பதில் உண்மையில்லை. இந்தக் குளிரில் வெந்நீரில் குளிப்பது வலிக்கே நல்லது.

தேயிலை மலையில் ரத்தசோகையைப் பேசும்போது டீயைப் பேசாமல் இருக்க முடியாது. காலையில் டீயும் பன்னும், மதியம் சாப்பிட்டதும் டீ, வந்ததும் டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. டீயை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ குடியுங்கள் என்றால் கேட்பார்கள். கேழ்வரகு, அவரை, மொச்சை, கீரை, முட்டை, ஈரல், கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ. புளிப்புள்ள பழம் இரும்பைச் சேர்க்க உதவும்.

பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அப்புறம் அந்தப் பிள்ளை ஜன்னல் வழியாக எறிந்துவிடுவாள். மதிய உணவுக்குப் பிறகு, உங்கள் கண்முன் விழுங்கட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை தரும் குடற்புழு மாத்திரையும் இதோடு சேர்ந்ததே.

இனி அரிவாள் செல். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் கண்டறியப்பட்டது. இருளர், குறும்பர், பணியர் போன்ற சமூகப் பிள்ளைகளில் சிலருக்கு இது இருக்கும். களைப்பும் வெளிறலும் சாதாரண ரத்தசோகை மாதிரியே தெரியும். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு இரும்பு மாத்திரையை டாக்டரைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். குளிரும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், காய்ச்சலும் எலும்புவலியைக் கிளப்பிவிடும், மாதவிடாய் நாட்களிலும் வலி கூடலாம். அரிவாள் செல் பரிசோதனை அட்டை எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்று பெற்றோரிடம் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். கைகால், முதுகு, நெஞ்சு வலி கடுமையாக இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையும் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. கோத்தகிரிப் பக்கம் நீலகிரி ஆதிவாசிகள் நலச்சங்கம் நெடுங்காலமாக இந்த நோய்க்கு வேலை செய்கிறது.

நாட்குறிப்பும் டாக்டரும்

நோட்டின் பின்பக்கத்தில் ஒரு நாட்காட்டி வரைந்து, தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் குறிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வருடம் ஒழுங்காக வராது. 21 நாளிலிருந்து 45 நாள்வரை எப்படி வந்தாலும் சரி, 2 நாளிலிருந்து 7 நாள்வரை இருந்தாலும் சரி.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது? எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தால், 13 வயதாகியும் மார்பு வளரவே இல்லையென்றால், 15 முடிந்தும் உதிரப்போக்கு வராவிட்டால், வந்தபின் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் நின்றால், ஏழு நாளைத் தாண்டிப் போனால், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், வலியால் மாதாமாதம் பள்ளிக்கு வர முடியாமல் போனால். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். 104 என்ற எண்ணில் தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும்.

தீட்டு, சடங்கு, பள்ளி

இந்த இடத்தில் கோபப்படாமல் பேசுவது கடினம், ஆனால் கோபம் வேலைக்கு ஆகாது. மஞ்சள் நீராட்டு விழா செய்வதும் செய்யாததும் வீட்டார் விருப்பம். நாம் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. அவள் வீட்டுக்குள், கம்பளி போர்த்தி, கதகதப்பாகத் தூங்க வேண்டும். வெளிக் கொட்டகையில் குளிரிலும் காட்டு விலங்கு பயத்திலும் படுக்கக் கூடாது. வயிறாரச் சாப்பிட வேண்டும். குளிக்க வேண்டும். பள்ளிக்குத் திரும்பி வர வேண்டும். வயசுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் ஒரு பிள்ளை வரவில்லையென்றால் அந்த வார இறுதியிலேயே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். படிப்பு நிற்பது பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்று வீட்டில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். ஒரு பிள்ளை யாரோ தன்னைத் தப்பாகத் தொட்டதாகச் சொன்னால், அவள் சொல்வதை நம்புங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 அதைத் தெரிவிப்பதை உங்கள் கடமையாக்கியிருக்கிறது.

பையன்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும், ஒரு ஆண் ஆசிரியரோடு சேர்ந்து. கறையைப் பார்த்துச் சிரிப்பது அதன்பிறகு வெகுவாகக் குறையும். காது கேளாத பிள்ளைக்கும், மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கும் படமும், உள்ளாடை கட்டிய பொம்மையும் வைத்துத் தாயோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும்.

ஆண்டு முழுக்க

ஒரு வகுப்போடு இது முடியாது. உறைவிடப் பள்ளிகளில் மாதம் ஒரு மாலை, மற்ற பள்ளிகளில் பருவத்துக்கு ஒரு முறை உட்காருங்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளை அலமாரிக்குப் பொறுப்பாக்குங்கள். சின்னப் பிள்ளைகள் டீச்சரைவிட அவர்களிடம்தான் முதலில் வருவார்கள். கோடை விடுமுறை தொடங்கும் முன் அந்தந்தப் பிள்ளைக்குரிய பாக்கெட்டுகளைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், படிப்பை விட்ட அக்கா வீட்டில் இருந்தால் அங்கன்வாடியில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் மழை வலுக்கும் முன்னால் தாழ்ப்பாளையும் விளக்கையும் தண்ணீரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, புதிதாக ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களை அந்த வாரமே உட்கார வையுங்கள்.